நாகத்தின் ஐந்தாவது தலை

எங்கள் வீட்டு வளவில் நாகம் வெளிப்பட்டது ஒரு புதன்கிழமை பின்னேரம். உயிருள்ள நாகமாக இருந்திருந்தால் அப்பா ஒரு தடியைக் கொண்டு அலுவலை ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார். வெளிப்பட்டது கல் நாகம். அதனால் நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை.

சிங்கப்பூர் ஜப்பான்காரரிடம் விழுந்துவிட்டது, அடுத்தது எங்கள் துறைமுகம்தான் என்று திருகோணமலை முழுவதும் ஒரே கதையாக இருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு பதுங்கு குழி வெட்ட வேண்டும், வெட்டிய மண்ணைச் சாக்கில் நிரப்பிச் சந்தியிலிருந்த, விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்குப் பொறுப்பான வார்டனின் காவலிடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். விரிகுடாவில் நின்ற போர்க்கப்பல்களைப் புகைபோக்கிகளை எண்ணியே நான் இனம் கண்டுகொள்வேன். இந்த யுத்தம் என் பொருட்டே ஏற்பாடு செய்யப்பட்டது என்று எவராவது சொல்லியிருந்தால் மறுக்காமல் நம்பியிருப்பேன்.

பெரியவர்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. அப்பா டொக்யார்ட் என்ற கப்பல் பட்டறையில் கணக்கெழுதுகிற கிளாக்கர். வேலையை விட்டு அவர் அசைய முடியாது. அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, அக்கா, நான் ஆகிய நால்வரும் ஞாயிற்றுக்கிழமைக் கோச்சியில், அதாவது ரயிலில், யாழ்ப்பாணத்துக்குப் போய்விட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். சின்னம்மா மறுத்துவிட்டார். அவருடைய கணவரான சின்னையா கலியாணமான இரண்டாம் வருடமே சிங்கப்பூருக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவருடைய கடிதம் தை மாதத்தோடு நின்றிருந்தது.

“அவர் காயிதம் போட்டால் இந்த விலாசத்துக்குத்தானே போடுவார், அத்தான்? நான் இல்லாட்டி ஆர் வாங்கிறது?”

“நான் வாங்கிறன். தபால்காரனுக்கு முன்னால கை நீட்ட எனக்குத் தெரியாதோ?”

“நான் வரமாட்டன்.”

“குண்டு விழேக்கை தபால்காரனும் வரமாட்டான், பிள்ளை!”

இந்த வாக்குவாதம் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் நடந்தது. சின்னம்மா ஒரு சொல்லும் இறங்கவில்லை. ஆனால் மலைமேலிருந்த பீரங்கிகள் பயிற்சிக்காக வெடிக்கத் தொடங்கினால், குசினிக்குள் ஓடி அம்மிக்கும் சுவருக்கும் இடையில் இருந்துகொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். வெடி ஓய்ந்த பின்பும் அவருடைய கைகள் காதைவிட்டு இறங்க வெகுநேரமாகும். அக்காவும் நானும் அவரைப் போலவே நடித்துக்காட்டிச் சிரிப்போம்.

அந்தப் புதன்கிழமை, கூலியாள் இடுப்பளவு ஆழத்தில் நின்று இரும்பு அலவாங்கைப் போட்டபோது அடியில் கல் தட்டுப்பட்டது. இருட்டுகிற நேரம். அவன் கையால் மண்ணை ஒதுக்கினான். வளைந்து விரிந்த ஒரு விளிம்பு தெரிந்தது. அதற்குக் கீழே, இரண்டு கண்கள்.

“நாகதம்பிரான், ஐயா!” என்று அவன் குழியைவிட்டுத் துள்ளி ஏறிய வேகத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

பறங்கியர் இடித்துத் தள்ளிய மலைக்கோவிலின் கற்கள் எங்கள் ஊரில் கோட்டைச் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் கிடப்பது எவருக்கும் புதினமல்ல. ஆனால் கண்ணுள்ள கல் எங்கள் வளவுக்குள் கிடந்தது புதினம்தான். அயலவர்கள் வேலியின்மேலால் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கர்ப்பூரம் தேடி ஓடினார். எல்லோரும் பார்த்திருக்க, சின்னம்மா குழியின் விளிம்புக்கு வந்து கைகளைத் தலைக்குமேல் கூப்பினார்.

“நாகதம்பிரானே, நாற்பத்தெட்டு நாள் உனக்குப் பால் வைப்பன். அதுவரைக்கும் இந்த வளவை விட்டு எங்கையும் போகமாட்டன்.”

அப்பா கடவுள் நம்பிக்கையில் அரைவாசிக்காரர்; ஆனால் ஊர் முன்னிலையில் வைத்த நேர்த்தியை மறித்துப் பேசுகிற அளவுக்கு அந்த மற்ற அரைவாசி பலமானதல்ல. நான் சின்னம்மாவை அண்ணாந்து பார்த்தேன். பீரங்கிச் சத்தத்துக்கு ஒளிக்கிற சின்னம்மாவா இவர்? பெருமையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கல்லை அன்று எடுக்கவில்லை. விடிந்ததும் நகரசபை மாட்டுவண்டி வந்தது. இரவு முழுவதும் வாய் திறந்தபடி கிடந்த எங்கள் மண்மூட்டைகளைக் கூலியாள் தைத்து ஏற்றிவிட்டான். அதன் பிறகே குழிக்குள் இறங்கிக் கல்லைத் தூக்கி, கிணற்றடியில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார்கள்.

அந்தக் காலை எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மண் கரையக் கரைய நாகம் வெளியே வந்தது. மூன்று சுற்றாகச் சுருண்ட உடல், ஒவ்வொரு சுற்றிலும் செதில்கள், சுருளின் அடியில் ஒளிந்துகொண்ட வால் நுனி. பின்னாளில் படிப்பின் பெயரால் எத்தனையோ கோவில் நாகங்களின் முன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருக்கிறேன். ஆதிசேடனுடைய விரிந்த படங்களையும் ஒன்றோடொன்று பின்னிய இரட்டை நாகங்களையும் இடுப்புக்குக் கீழே பாம்பான நாககன்னியரையும் அளந்திருக்கிறேன். அந்தச் சிற்பிகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தலைகள் ஒற்றைப்படையாகவே இருக்கும், நடுத்தலை நேரே பார்க்கும், மற்றவை இருபுறமும் அதன் பக்கமாகச் சற்றே சாய்ந்து, விசிறி மடிப்பைப் போல் சிறுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எண்ண மட்டும் தெரியும். நான் உரக்க எண்ணினேன்.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.”

இடது ஓரத்தில் ஐந்தாவது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை முறிவு. புதிய முறிவு.

“நான் இடிக்கேல்லை, ஐயா! என்ர பிள்ளையளாணை இடிக்கேல்லை!” என்று கூலியாள் கத்தினான்.

பின்னேரம் குருக்கள் வந்தார். நாகத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், மூக்குப்பொடி போட்டார், தும்மினார், தீர்ப்புச் சொன்னார்.

“பின்னமாப் போச்சு. பின்னமான மூர்த்தியைப் பூசிக்க ஏலாது. கடலிலதான் விடவேணும்.”

“அப்ப நேர்த்தி?” என்று அப்பா கேட்ட குரலில் துயரம் போதிய அளவு இருக்கவில்லை.

“மூர்த்தியே இல்லாட்டி நேர்த்தி ஏது? அந்தப் பிள்ளையை அது கட்டாது.”

“பார், பிள்ளை. நாகதம்பிரானே உன்னை விட்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோச்சி.”

சின்னம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். “சரி, அத்தான்,” என்றார். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எவ்வளவு பெரிய வீரம், ஒரு கல்முறிவில் போய்விட்டதே!

அக்கா என்னைப் போல் நெஞ்சு வெடித்து நிற்கிறவள் அல்ல, கேள்வி கேட்கிறவள். “குருக்களையா, முறிஞ்ச துண்டு கிடைச்சால்?” என்றாள்.

குருக்கள் யோசித்தார். “நடுத்தலை முறிஞ்சிருந்தால் அது அங்கம், ஒண்டும் செய்ய ஏலாது. இது ஓரத்தலை. உபாங்கம் எண்டு கொள்ளலாம். துண்டு முழுசாக் கிடைச்சால் அட்டபந்தனம் வைச்சு ஒட்டிப் பரிகாரம் செய்யலாம்.”

“ஐஞ்சு தலையில ஒரு தலை உபாங்கமோ, ஐயா?” அப்பாவுக்கு ஆகமம் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும்.

“நாகத்துக்கு அப்பிடித்தான். உங்களுக்கும் எனக்கும் அப்பிடியில்லை.”

வேலியோரம் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு ரோசம் வந்தது. “சரி! துண்டு கிடைச்சால் நான் பிறகு வாய் திறக்கமாட்டன். அவ இருக்கட்டும். கிடைக்காட்டிக் கல்லுக் கடலுக்கு, ஆக்கள் கோச்சிக்கு!”

குழியிலும் கிணற்றடியிலும் இருட்டும்வரை நாங்கள் தேடினோம். துண்டு இல்லை. இரவு சாப்பிடும்போது அக்கா என் காதில் சொன்னாள்: “தம்பி, மண் எங்கை போனது?”

மண் சந்திக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டு மண் இருபத்தாறு மூட்டைகள். ஒவ்வொன்றிலும் அப்பா தாரினால் வீட்டு இலக்கத்தை எழுதியிருந்தார். அவற்றை வார்டன் மற்ற வீட்டு மூட்டைகளோடு சேர்த்து மதிலாக அடுக்கி, அதன் பின்னால் தம்முடைய சாய்மனைக் கதிரையைப் போட்டிருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் மதில் சரியும். அவிழ்க்காமல் பார்ப்பது எப்படி?

வழியைக் கண்டுபிடித்தவள் அக்காதான். மூதூர் முதலாளியின் அரிசிக்கடையில் ஒரு குத்தூசி இருந்தது. மூட்டையைத் திறக்காமலே உள்ளே செருகி, உள்ளிருக்கும் அரிசியில் ஒரு பிடியை வெளியே எடுத்துப் பார்க்கிற கூரிய இரும்பு. வெள்ளிக்கிழமை காலை நாங்கள் போய்க் கேட்டோம்.

“எதுக்கு மகள் இது? உங்கட ஊட்டுக்கு மூட்டைக் கணக்கில அரிசி வந்திருக்கா? யுத்த நேரத்தில எனக்குத் தெரியாம எவன் தாறான்?”

“அரிசியில்லை, முதலாளி. மண்.”

“மண்ணுக்குத் தரம் பாக்கிற காலமும் வந்திட்டா!” என்று சிரித்தபடி கொடுத்தார். “கூர் மழுங்காம கொண்டு வரணும், என்ன?”

ஜும்ஆத் தொழுகைக்காக முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு போன நேரம், வார்டன் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து இரும்புத் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்ட நேரம், நாங்கள் மதிலண்டை போனோம். அக்கா இலக்கத்தைத் தேடிச் சொன்னாள், நான் குத்தினேன். ஊசி மண்ணுக்குள் ‘சர்’ என்று இறங்குகிறபோது என் மூச்சும் கூடவே இறங்கும். முதல் மூட்டையில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ‘டக்’ என்றது, ஓட்டுத் துண்டு. ஏழாவதில் சிப்பி. பதினொன்றாவதில் ‘கிணிங்’ என்ற சத்தம் கேட்டு நான் துள்ளியே விட்டேன், போத்தல் அடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் நாகம் கிடைத்தது. ஒவ்வொரு தரமும் போய்விட்டது. இத்தனை சந்தோசமான நடுப்பகல் என் வாழ்வில் மறுபடி வாய்த்ததாக நினைவில்லை.

பத்தொன்பதாவது மூட்டையில் ஊசி எங்கோ சிக்கியது. நான் இழுத்தேன். மதில் ஆடியது. கதிரை சரிந்தது.

“ஆரடா அது! ஜப்பான்காரனோ?”

வார்டன் எழுந்துவிட்டார். அமைதிக் காலத்தில் அவர் ஒரு நொத்தாரிசிடம் பத்திரம் எழுதுகிறவர். அதனால் கோபத்திலும் பத்திரம் வாசிப்பது போலத்தான் பேசுவார். “அரசாங்கத்துக்குச் சொந்தமான மூட்டையை, கூரிய ஆயுதத்தால, நடுப்பகலில! எத்தினை ஓட்டை?”

“பத்தொன்பது, மாமா.”

“பத்தொன்பது ஓட்டையும் பத்தொன்பது குண்டு வாற வாசல்! தெரியுமோ?”

“நாகத்தின்ர தலை உள்ளுக்குக் கிடக்கு, மாமா,” என்றாள் அக்கா.

வார்டன் இரண்டடி பின்னால் போனார். “உயிரோடயோ?”

“கல்லு.”

“அதை முதலே சொல்லுறதுதானே,” என்று அவர் போன இரண்டடியையும் திரும்பி வந்தபோது அபாயச் சங்கு ஊதியது.

அது ஒத்திகையா உண்மையா என்று ஊதுகிறவருக்கே தெரியாத நாட்கள் அவை. வார்டன் விசிலை ஊதினார். எங்கள் இருவருடைய கழுத்தையும் பிடித்து மதிலின் அடியில் குப்புறக் கிடத்திவிட்டு, தாமும் பக்கத்தில் விழுந்தார். மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. நான் பயப்பட மறந்துவிட்டேன். என் மூக்குக்கு நேரே, அடிவரிசையில், எங்கள் வீட்டு இலக்கம் எழுதிய மூட்டை ஒன்று இருந்தது. அக்காவும் அதைக் கண்டாள். படுத்தபடியே ஊசியைச் செருகினாள். ஓட்டின் சத்தமுமில்லை, சிப்பியின் சத்தமுமில்லை. ஏதோ தடித்ததில் பட்டு மொத்தென்று நின்றது.

விமானம் எங்களுடையதுதான். சங்கு ஓய்ந்ததும் வார்டன் எழுந்து, தமது பேனாக்கத்தியால் அரசாங்கத்துக்குச் சொந்தமான மூட்டையைத் தாமே கிழித்தார். “தேவையை முன்னிட்டு,” என்று எங்களுக்கு விளக்கமும் சொன்னார். அக்கா முழங்கைவரை கையை விட்டாள்.

வெளியே வந்தது துணியில் பொதிந்த ஒரு முடிச்சு. வார்டன் தம்முடைய தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் அக்காவும் நானும் மட்டுமே. வெள்ளைக் கைலேஞ்சி, முகம் துடைக்கிற கைக்குட்டை. அதன் மூலையில் சிவப்பு நூலால் தைத்த ஓர் எழுத்து. அக்கா அதை அவிழ்த்தாள். உள்ளே என் உள்ளங்கையளவில் நாகத்தின் தலை: அரிசிமணி போன்ற கண்கள், விரிந்த படத்தில் ஒற்றைக் கோட்டில் போட்ட வளையம், சற்றே திறந்த வாய். கைலேஞ்சியை அவள் கசக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அவளுடைய முகம் வெளிறிப் போயிருந்தது. சங்கு ஊதியதால் வந்த பயம் என்று எண்ணி, ஓர் ஆண்பிள்ளையின் இரக்கத்தோடு அவளைப் பார்த்தேன்.

“மாமா, இதை இப்ப ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்,” என்றாள்.

காலம் கடந்துவிட்டது. வார்டன் ஏற்கெனவே விசிலை ஊதிக்கொண்டிருந்தார்; ஆபத்துக்கு ஊதியதைவிட இரண்டு மடங்கு பலமாக. இரும்புத் தொப்பியைத் தாம்பாளம் போல மல்லாத்தி, அதற்குள் நாகத்தின் தலையை வைத்து, இரண்டு கையாலும் உயர்த்திக்கொண்டு நடந்தார். கடைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். யாரோ ‘அரோகரா’ என்றார். நான் குத்தூசியை வேல் போலப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அக்கா எல்லோருக்கும் பின்னால் வந்தாள்.

வீட்டு முற்றத்தில் சின்னம்மா பயணத்துக்கான பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்தைக் கண்டு எழுந்தார். தொப்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

“எங்கை இருந்தது?”

“என்ர மதிலுக்குள்ள, தங்கச்சி! அடிமூட்டை!” என்றார் வார்டன்.

சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். பிறகு சின்னம்மா இரண்டு கையாலும் நாகத்தின் தலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கையை எடுக்காமலே அழுதார்.

“பாருங்கோ, சந்தோசக் கண்ணீர்!” என்று சொன்ன வார்டனுக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரமே குருக்கள் வந்து தலையை ஒட்டினார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐஞ்சாவது தலை என்ர தலையில விழுந்திட்டுது,” என்றார். கொடுத்த வாக்கை மீறவில்லை. நாகம் வேப்பமரத்தடிக்குப் போனது. சின்னம்மா முதல் நாள் பாலை வைத்தார்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்கள் இருக்கையில் ஜப்பான் விமானங்கள் வந்தன. நாங்கள் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அப்பாவும் சின்னம்மாவும் அந்தப் பதுங்கு குழிக்குள் இருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. சின்னம்மாவுக்கு இடது காது அன்றோடு கேளாமல் போனது. நாற்பத்தெட்டு நாளும் குறையாமல் பால் வைத்துவிட்டுத்தான் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சின்னையாவின் கடிதம் அந்த விலாசத்துக்கு வரவில்லை. வேறெந்த விலாசத்துக்கும் வரவில்லை. நாகத்தைப் பற்றிச் சின்னம்மா தம் வாழ்நாளில் பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் பேசியதில்லை. அவளிடம் நான் கேட்டிருக்கலாம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதற்கு அவகாசம் இருந்தது. கடந்த ஆவணியோடு அது முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை வழியனுப்பச் சின்னம்மா ஸ்டேசனுக்கு வந்தார். கோச்சிப் பெட்டிகள் பெண்களாலும் குழந்தைகளாலும் மூட்டை முடிச்சுகளாலும் பிதுங்கின. நான் யன்னலில் தொங்கிக்கொண்டு, செய்த சாதனையை அவருக்கு மறுபடியும் நினைவூட்டினேன்.

“சின்னம்மா, இனி உங்களை ஒருத்தரும் போகச் சொல்ல ஏலாதுதானே?”

“ஓம், ராசா,” என்றார் அவர். “இனி நான் போக ஏலாது.”

அக்கா என்னை ஒதுக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டினாள். தோய்த்து நான்காக மடித்த கைலேஞ்சி; மடிப்பின்மேல் சிவப்பு நூலில் சின்னையாவுடைய பெயரின் முதலெழுத்து. சின்னம்மா அதை வாங்கினார். சின்னம்மா யன்னலுக்குள் கையை விட்டு அக்காவின் கன்னத்தை ஒருமுறை தொட்டார். கோச்சி அசைந்தது.

பீரங்கிச் சத்தத்துக்கு நடுங்குகிற ஒருத்தி, ஊர் முன்னிலையில் சொன்ன சொல்லிலிருந்து இறங்க வழியின்றி, முறிந்த அந்தத் தலையைக் கணவனுக்கென்று தைத்த துணியில் பக்தியோடு பொதிந்து, விடியுமுன் ஒளித்திருக்கக் கூடும் என்பது எட்டு வயதில் எனக்கு எட்டவில்லை. முறித்தது அலவாங்கா, வேறு கையா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அன்று எனக்கிருந்த குறை வேறு. கரிப்புகை மூக்கில் ஏறித் தும்மல் வந்துகொண்டிருந்தது.

“ஏன் அதைக் குடுத்தனீ? எனக்கு மூக்குத் துடைக்க வேணும்,” என்றேன்.

“அது அவவின்ர,” என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே பார்த்தாள்.

சின்னம்மாவுடைய கைலேஞ்சி மண்மூட்டைக்குள் எப்படிப் போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஒரு கிழவருக்கு, நாகத்தின் தலையை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.